பச்சையும் வெள்ளையும்

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
எட்டுக்கு ஆறடி ஜெராக்ஸ் கடை.
திங்கட்கிழமை. மனுநாள்.
போனுக்குள் பட்டா, போனுக்குள் சாதிச் சான்று,
போனுக்குள் மங்கலாக இடிந்த சுவர் ஒன்று.
எல்லாவற்றையும் தாளில் இறக்கித் தரக்
கடைக்கு இருந்தது ஒரே கேபிள்.
அதற்கும் போன வாரமே கழுத்து ஒடிந்துவிட்டது.
இடப்பக்கம் சாய்த்து, பசை டப்பாவை முட்டுக் கொடுத்து
மூச்சை அடக்கிக்கொண்டால்
பாதி பட்டா வரும்.

"புதுசு நூத்தம்பது ரூவா" என்றார் ஜைலானி அண்ணன்,
ஏதோ என் சம்பளத்தைச் சொல்வதுபோல.
"மேசைக்கடியில பழசு ஒரு பை கெடக்கு, பாரு."

பையைக் கவிழ்த்தேன்.
வாய் கோணியது, வால் அறுந்தது,
எலி ருசி பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டது.
ஒன்றில் தலை தேறியது, இன்னொன்றில் வால்.

சவர பிளேடால் தோலைச் சீவினால்
மிட்டாய்த் தாள்போல் ஒரு வெள்ளி உறை,
அதற்குள் நான்கு இழை.
சிவப்பும் கறுப்பும் மின்சாரம் சுமக்கும்.
பச்சையும் வெள்ளையும் சேதி சொல்லும்.
சிவப்போடு சிவப்பை முறுக்கினேன்,
கறுப்போடு கறுப்பை.
பச்சையை உரிக்கும்போது யாரோ
"ஏத்தா, ஆதார் ரெண்டு பக்கமும் எடு" என்றார்கள்.
பிளேடு ஆழமாக இறங்கி
பச்சை அறுந்து தோலுக்குள் ஒளிந்துகொண்டது.
துணையில்லாத வெள்ளையை மடக்கி
டேப்புக்குள் வைத்துச் சுற்றினேன்,
கம்ப்யூட்டர் கவனிக்காது என்கிற நம்பிக்கையில்.
கழுத்துக்குப் பேனா ஸ்பிரிங்.
மேலே ஜிகர்தண்டா கடை உறிஞ்சுகுழல்,
தீக்குச்சி காட்டியதும் சுருங்கிக் கவ்விக்கொண்டது.
கொஞ்சம் அழகாகவே இருந்தது.

செருகினேன்.
போனில் மின்னல் விழுந்தது, சார்ஜ் ஏறியது.
கம்ப்யூட்டருக்கு மட்டும்
அப்படி ஒருவர் வந்ததே தெரியாது.
பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு
எந்த ஊர் என்று சொல்லாமல் எழுந்து போகிற ஆள்.
தூக்கிப் பைக்குள் எறிந்தேன்.

"அது என்னத்தா, சார்ஜ் மட்டும் ஏறுமா?"
மனுவை மடித்தபடி நின்றிருந்தாள் ஒச்சம்மா.
கப்பலூர்ப் பக்கம் மில்லில் நூல் சுற்றுகிறவள்.
"மட்டுந்தான். பேசாது. வீணாப் போச்சு."
"கொஞ்சமும் பேசாதா?"

பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு
மேசைக்கு இந்தப் பக்கம் வந்தாள்.
குரலைத் தாழ்த்தினாள்.
"மில்லுல சுவத்துப் பிளக்கத் தொடக்கூடாது.
சூப்பர்வைசரு கம்ப்யூட்டர்லதான் சொருகணும்.
எம்போன் பழசு, ஒண்ணும் கேக்காது,
சொருகுனதும் எல்லாத்தையும் தொறந்து குடுத்துரும்.
அக்கா கல்யாணத்துல நீ கட்டுன சேலை
நல்லாருக்குன்றான் முந்தாநாளு.
அந்தக் கல்யாணத்துக்கு அவென யாரு கூப்புட்டா?"

பையிலிருந்து அதை மறுபடி எடுத்தேன்.
டேப்பைப் பிரித்து, மடக்கிய வெள்ளையை
அடியோடு நறுக்கினேன்.
இந்த முறை கை தவறி அல்ல.
மறு பக்கத்தின் பச்சை, வெள்ளை இரண்டையும்
ஒன்றையொன்று பார்க்காதபடி தனித்தனியே ஒட்டினேன்.
திரும்பச் சுற்றி, அடையாளத்துக்கு
மேசை டிராயரில் கிடந்த நகப்பூச்சில் ஒரு பொட்டு.

"பையத்தான் ஏறும்."
"ஏறட்டும். எட்டு மணி நேரம் நிக்கிறேன்ல."
இருபது ரூபாய் கொடுத்தாள்.
பத்து போதும் என்றேன்.
அப்ப இன்னொண்ணு பண்ணு,
எங்க லைன்ல பொன்னுத்தாயி இருக்கா என்றாள்.

அவள் போனையே செருகிப் பார்த்தோம்.
மின்னல் விழுந்தது.
கதவருகே ஒருவர் மணி பன்னிரண்டு என்று கத்தினார்,
ஜைலானி அண்ணன் மை உறையை உதறினார்.
நாங்கள் இருவரும் குனிந்து
திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒன்றும் வரவில்லை.
இன்னும் கொஞ்சம் பொறுத்தோம்.
ஒன்றுமே வரவில்லை.

கடைக்கு இன்னும் கேபிள் இல்லை.
பசை டப்பாவை எடுத்து
பழையபடி முட்டுக் கொடுத்தேன்.